ஜாமீன் வேறு, விடுதலை வேறு



போன மாதம் நம் படிப்பு மையத்தில் ஒரு வாக்குவாதம் வந்தது. கொலை வழக்கில் பிடிபட்ட ஒருவர் நாலு மாதத்தில் ஜாமீனில் வெளியே வந்திருந்தார். "பணத்தைக் கட்டினான், வெளியே வந்துட்டான். கேஸ் முடிஞ்சது" என்றார் ஒரு தாத்தா.

பின்னால் இருந்த ஓர் அக்கா எழுந்தார். "என் மகனும் கொலைக் கேஸில் உள்ளே இருக்கான். அவன் செய்தான்னு எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லலையே. அவனை ஏன் விடமாட்டேங்கிறாங்க?" என்று அழுதார்.

இருவருக்கும் அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். வக்கீல் அல்ல. அந்த அக்காவோடு இலவச சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே தெரிந்துகொண்டதை இன்று சொல்கிறேன்.

முதலில் தாத்தாவுக்குப் பதில். ஜாமீன் என்றால் விடுதலை இல்லை. வழக்கு அப்படியே இருக்கும். "கூப்பிடும்போதெல்லாம் கோர்ட்டுக்கு வருவேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே இருப்பதுதான் ஜாமீன். ஜாமீன்தாரர் எழுதிக் கொடுக்கும் தொகை ஒரு பொறுப்பு. ஆள் ஓடிவிட்டால் அந்தப் பணத்தை அவரிடம் கேட்பார்கள். நிபந்தனையை மீறினால் ஜாமீன் ரத்தாகும். திரும்பவும் சிறைதான்.

சின்ன வழக்குகளில் ஜாமீன் கேட்பது நம் உரிமை. கொலை போன்ற பெரிய வழக்கில் அப்படி இல்லை. நீதிபதி யோசித்துத்தான் முடிவு செய்வார். தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்குரிய வழக்கில் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் குறைவு. பெண்கள், சிறுவர்கள், நோயாளிகள் என்றால் அவர் விடலாம். மற்றவர்கள் பெரும்பாலும் செஷன்ஸ் கோர்ட்டுக்கோ ஹைகோர்ட்டுக்கோ போகவேண்டும்.

அங்கே நீதிபதி எதைப் பார்ப்பார்?

குற்றம் எவ்வளவு பெரியது? மேலோட்டமாகப் பார்த்தால் சாட்சியம் இருக்கிறதா? வெளியே விட்டால் ஆள் ஓடிவிடுவாரா? வீடு, குடும்பம், வேலை ஊரில் உண்டா? சாட்சிகளை மிரட்டுவாரா? முன்பு வேறு வழக்கு உண்டா? எத்தனை நாளாக உள்ளே இருக்கிறார்? விசாரணை சீக்கிரம் முடியுமா?

இதில் சாட்சி பயம் சின்ன விஷயம் இல்லை. செத்தவர் வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறாள். அவள் பயமில்லாமல் கோர்ட்டில் பேசவேண்டும். அதனால்தான் சிலரை விடுவதில்லை. சிலரை "அந்த ஊருக்குள் போகக்கூடாது" என்று சொல்லி விடுகிறார்கள். குற்றவாளியா இல்லையா என்பதை ஜாமீன் நாளில் தீர்ப்பதில்லை. அது விசாரணையின் முடிவில்தான்.

இன்னொரு முக்கியமான விஷயம், நாள் கணக்கு. கொலை வழக்கில் போலீஸ் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவேண்டும். கோர்ட் காவலில் வைத்த முதல் நாளையும் சேர்த்து எண்ணவேண்டும். 90 நாள் முடிந்தும் தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் நாம் மனு போட்டுக் கேட்கவேண்டும். கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். இது 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் இருக்கிறது.

ஏழைக்கு ஜாமீன் கிடைத்தும் வெளியே வரமுடியாமல் போவது உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய அண்ணன் தம்பி ஒருவர் ஜாமீன் நிற்க வந்தார். "உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது" என்று மறுத்தார்கள். 1978-இல் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி கிருஷ்ணய்யர் அது தவறு என்றார். 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அவரை விடச் சொன்னார். தொகை அதிகம் என்றால் குறைக்கச் சொல்லி நாமும் மனு போடலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? சிறையில் இருப்பவர் எவரும் இலவச வக்கீல் கேட்கலாம். வருமானம் பார்க்கமாட்டார்கள். மாவட்ட கோர்ட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். "ஐம்பதாயிரம் கொடு, ஜாமீன் வாங்கித் தருகிறேன்" என்று வாசலில் நிற்கும் தரகரை நம்பாதீர்கள். அந்த அக்கா ஒரு தரகரிடம் தோட்டைக் கழற்றிக் கொடுத்திருந்தார். தோடு திரும்பி வரவில்லை.

அக்காவின் மகனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 84-ஆம் நாளில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. செஷன்ஸ் கோர்ட் ஒருமுறை ஜாமீன் மறுத்தது. நிலைமை மாறினால் மறுபடி கேட்கலாம். ஹைகோர்ட்டிலும் கேட்கலாம். இலவச வக்கீல் ஹைகோர்ட்டுக்கு மனு தயார் செய்கிறார். மகன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. முன்பு வாய்தா தேதியை அக்கா யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வார். இப்போது வழக்கு எண், கோர்ட் பெயர், வக்கீல் பெயர், அடுத்த வாய்தா எல்லாவற்றையும் தன் நோட்டில் தானே எழுதி வைத்திருக்கிறார். தாத்தாவும் அந்த நோட்டை வாங்கிப் படித்துப் பார்த்தார்.

நீங்களும் இன்று உங்கள் நோட்டில் மூன்று சொற்கள் எழுதுங்கள்: ஜாமீன். குற்றப்பத்திரிகை. இலவச வக்கீல்.