காசின்மேல் காசு



தேய்ந்த காசு செல்லாது என்பர். தேய்ந்த காசொன்று எனக்குப் பாடம் கற்பித்த வரலாற்றை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

தலைமையாசிரியர் பணியினின்று ஓய்வு பெற்றபின், பழங்காசு சேர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டேன். ஏலமொன்றில் பைசாந்தியப் பேரரசின் வெண்கலக் காசுகள் சிலவற்றை வாங்கினேன். அவற்றுள் ஒன்றின் முகப்பில் இருவர் நிற்கின்றனர். தலைகளுக்கு நடுவே ஒரு சிலுவை. மறுபுறத்தில் 'எம்' என்னும் பெரிய எழுத்து. அதனையொட்டிக் குறுக்கும் நெடுக்குமாகப் பல கோடுகள்.

'எம்' என்பதன் பொருள் எளிது. கி.பி. 498-இல் பேரரசர் அனஸ்தாசியஸ் செய்த சீர்திருத்தத்தால், 40 நும்மி மதிப்புள்ள வெண்கலக் காசு தோன்றியது. கிரேக்க முறையில் அவ்வெழுத்து 40-ஐக் குறிக்கும். 538-39-இல் ஜஸ்டினியன், தம் ஆட்சியாண்டையும் காசில் பொறிக்கச் செய்தார். இதனை அறிந்திருந்த நான், கோடுகளுக்கிடையே ஆண்டைத் தேடினேன். ரோமானிய எண்முறையில் 'எக்ஸ்' 10, நேர்கோடு 1. நான்கு 'எக்ஸ்', மூன்று நேர்கோடு. "ஆட்சியாண்டு 43" எனச் சீட்டெழுதினேன். இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்று, காசைப் புளியிட்டுத் துலக்கவும் முற்பட்டேன்.

அவ்வமயம், என்னிடம் கணக்குப் பயில வரும் எட்டாம் வகுப்புச் சிறுமி சீட்டைப் படித்துவிட்டு, "ஐயா, 43 ஆண்டுகள் ஆண்ட அந்த அரசர் யார்?" என்று வினவினாள். நான் வாயடைத்துப் போனேன். ஜஸ்டினியன் ஆண்டது 38 ஆண்டுகள், ஹெராக்ளியஸ் 31. ஆட்சியாண்டு பொறித்து இவ்வகைக் காசு வெளியிட்டவருள் எவரும் 40 ஆண்டுகளை எட்டவில்லை!

புளியை அப்பால் வைத்துவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன். சாய்வாக விழும் ஒளியில் காசை மெல்லத் திருப்பினேன். ஒரு நிலையில் 'எம்'மும் மூன்று கோடுகளும் நேராக நின்றன. சற்றே திருப்பியதும் அவை சாய்ந்தன. நான்கு 'எக்ஸ்'களும் ஒரே வரிசையில் நிமிர்ந்தன. 'எம்'மின் கால்கள் குறுக்கிட்ட இடங்களில் 'எக்ஸ்' நசுங்கி அறுபட்டிருந்தது. ஆகவே, 'எக்ஸ்' முந்தியது, 'எம்' பிந்தியது. பழைய காசொன்றின்மேல் புதிய அச்சை வைத்து அடித்திருக்கின்றனர்!

நான்கு 'எக்ஸ்' ஆண்டன்று; மதிப்பு. 40 என்பதை அவ்வாறு இலத்தீன் எண்ணால் பொறிப்பது, 602 முதல் 610 வரை ஆண்ட போகாஸ் காசுகளில் பெரிதும் காணப்படும் வழக்கம். மேலச்சின் ஆண்டோ 3. முகப்பில் நிற்போர், போகாசை வீழ்த்தி அரியணையேறிய ஹெராக்ளியசும், 613-இல் முடிசூட்டப்பெற்ற அவர் மகனும் ஆவர்.

பகைவன் முகத்தை அழிக்கவே இவ்வாறு செய்தனர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போகாசால் கொலையுண்ட மாரிஸ் மன்னரின் காசுகளும் இதே வகையில் மீண்டும் அடிக்கப்பட்டன. அது பாரசீகப் போர்க்காலம். 613-இல் டமாஸ்கசும் 614-இல் எருசலேமும் வீழ்ந்தன. பழங்காசை உருக்கி, புதிய வில்லை வார்க்கும் உழைப்பும் விறகும் இதனால் மிச்சமாயின.

மேலே இருப்பது பிந்தியது. இச்சிறு விதி ஆய்வாளர்க்குப் பெருந்துணை. பின்னாளில், 10, 11-ஆம் நூற்றாண்டுகளில், அரசர் பெயரின்றிக் கிறித்துவின் உருவத்தோடு வெளிவந்த காசுகளைக் கால வரிசைப்படுத்தவும் இத்தகைய இரட்டையச்சுகளே உதவின. என் காசைப் புளியிட்டுத் தேய்த்திருந்தால், அடியச்சின் மெல்லிய சான்று அழிந்தே போயிருக்கும்.

காசுக்குப் புதிய சீட்டு எழுதிவிட்டேன். பழைய சீட்டைக் கிழிக்கவில்லை. அதன் அடியிலேயே வைத்திருக்கிறேன்.