கடை திறந்தது, கள்ளச்சாராயம் ஒழிந்ததா?



“குடித்தான், செத்தான்!” 2024 ஜூன் திங்களில், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலே பிணங்கள் அடுத்தடுத்துக் கிடத்தப்பட்டபோது சிலர் வழங்கிய தீர்ப்பு இது. மாண்டவர் 60-க்கு மேற்பட்டோர். இரண்டே சொற்களில் அவர்தம் கணக்கை முடித்துவிட்டனர்!

மாண்டவர் யார்? பெரும்பாலோர் அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்டவர்கள். சாவைத் தேடியா பாக்கெட்டை வாங்கினர்? உடல்வலி மறக்க, உறக்கம் வர வாங்கினர். உள்ளே இருந்ததோ மெத்தனால்!

மெத்தனால் ஆலைக்குரிய சரக்கு. கண்ணுக்குச் சாராயம்போலவே தோன்றும். நாவுக்கும் எளிதில் பிடிபடாது. முதற் சில மணி நேரம் வழக்கமான போதைதான். பிறகுதான் ஈரல் அதனைப் பார்மிக் அமிலத்தில் கொண்டுபோய் விடுகிறது. வயிறு வலிக்கிறது, வாந்தி எடுக்கிறது, விழி மங்குகிறது. உடனே மருத்துவமனை சென்றால் மாற்று மருந்து உண்டு. காவலருக்கு அஞ்சி வீட்டிலே கிடந்தால், உயிர் போகும். உயிர் தங்கினாலும் பார்வை போகும்!

நமது வரலாற்றைச் சற்றே புரட்டுங்கள். 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் கடை திறந்தது; 1974-ல் மூடியது; 1981-ல் மீண்டும் திறந்தது. 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறை விற்பனையையும் மேற்கொண்டது.

“கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும், திறந்தால் ஒழியும்” என்றனர். கருணாபுரம் மாண்டது எப்போது? கடை மூடியிருந்தபோதா? இல்லை, திறந்திருந்தபோது!

அப்படியாயின், பூட்டுப் போட்டால் போதுமா? பீகாரிலே 2016 முதல் மதுவிலக்கு. அங்கே சாரண் மாவட்டத்தில் 2022 டிசம்பரில் கள்ளச்சாராயம் பல உயிர்களைக் குடித்தது. ஆகவே, பூட்டும் சாவியும் மட்டுமே பேசிப் பயனில்லை, தோழர்களே!

கடைச் சரக்கை வாங்கக் கூலியின் பெரும்பகுதி வேண்டும். பாக்கெட்டுக்கோ சில்லறை போதும். அந்த விலை இடைவெளியிலேதான் நஞ்சு வணிகன் நிற்கிறான். அவனைப் பிடிக்க வேண்டிய கை, ஏழையின் குடிசைக் கதவை மட்டும் தட்டினால் என்ன பயன்? ஆலை வாயிலிலிருந்து மெத்தனால் எங்கே போகிறது என்று லிட்டர் லிட்டராகக் கணக்குக் கேட்க வேண்டாமா? மது விற்று வந்த பணத்தில் ஒரு பங்கை, குடிநோய் தீர்க்கும் மருத்துவத்துக்கு வட்டந்தோறும் செலவிட வேண்டாமா?

ஆம், குடி ஒரு நோய். நோயாளியை ஏசி நோய் தீர்த்தவர் எவருமில்லை.

இதனைப் படிக்கும் நண்பரே! உம் தெருவிலும் ஒருவர் தள்ளாடி வரக்கூடும். நகைக்காதீர். கையைப் பற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பாக்கெட் விற்பவனை ஊரறியச் சுட்டுங்கள். “குடித்தான், செத்தான்” என்று சொல்லும் நாள் இனி நம் நாட்டில் வரலாகாது! “குடித்தான், மீண்டான்” என்று சொல்லும் நாளை நாம் படைப்போம்!