தலைமயிர் ஏன் உதிர்கின்றது?
(வாலிபர் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நாம் எடுத்துக்கொண்ட பொருளைத் தலைவர் அறிவித்ததும் முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் தம் தலையைத் தடவிச் சிரித்தனர். பின்வரிசை இளைஞர் சிரிக்கவில்லை. இருபது வயதிலே நெற்றி மேலேறத் தொடங்கினால் எவருக்குத்தான் சிரிப்பு வரும்?

எமது விடுதி நண்பர் ஒருவர் டெங்குக் காய்ச்சல் கண்டு படுத்தெழும்பினார். சுகமாகி மூன்றாம் மாதம், தலை துவட்டினால் துவாயெல்லாம் மயிர். "தண்ணீர் கூடாது" என்றார் ஒருவர். "கண்விழித்துப் படித்த சூடு" என்றார் இன்னொருவர். கடைக்காரர் ஒருவர் மூலிகைத் தைலமொன்றைக் கொடுத்தார். நண்பரின் ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு போத்தல்களாயிற்று. இரவில் அவர் விழுந்த மயிரை எண்ணிக்கொண்டிருப்பதை நாம் கண்டோம்.

உண்மை யாது? வெளியே தெரியும் மயிருக்கு உயிரில்லை. உயிர் உள்ளது தோலுக்குள்ளே, மயிர்க்காலில். தலையிலே ஏறக்குறைய 1,00,000 மயிர்க்கால்கள் உள. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வரை, மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றராக மயிரை வளர்க்கும். பின்பு மூன்று மாதமளவில் ஓய்ந்திருக்கும். ஓய்வு முடியப் பழையது விழும், புதியது முளைக்கும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் விழுவது சுகதேகிக்கும் இயல்பே. கடுங்காய்ச்சல், பிள்ளைப்பேறு, பெரிய சத்திரசிகிச்சை போன்றவை நேர்ந்தால் பெருந்தொகையான மயிர்க்கால்கள் ஒரே காலத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அந்த மயிர் விழுவதோ இரண்டு மூன்று மாதம் கழித்து. காய்ச்சலை மறந்த பின்பு விளைவு வருவதாலேதான் தண்ணீரும் சவர்க்காரமும் பழி சுமக்கின்றன. இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானே அடங்கும். நண்பருக்கும் முளைத்தது. புகழ் தைலத்துக்குப் போயிற்று!

மொட்டையடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் இத்தகையதே. வெட்டிய நுனி தடிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே. நேர்த்திக்கு மொட்டை போடுவது வேறு விடயம். அதில் நாம் தலையிடவில்லை.

வழுக்கை வேறு கதை. அமெரிக்கரான ஜேம்ஸ் ஹமில்ரன் 1942இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. பருவமடையுமுன் விதையை இழந்த ஆடவருக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு ஆண் ஓமோனைக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளோருக்கு அது தொடங்கிற்று. பரம்பரையும் ஓமோனும் சேர்ந்து மயிர்க்காலைச் சிறுகச் சிறுகச் சுருக்குகின்றன. தாயின் தந்தையையே குற்றஞ் சொல்வது எங்கள் வழக்கம். உண்மையில் இருவழியாலும் வரும். மினொக்சிடில் என்பது முதலில் இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த குளிசை. உண்டவர் உடலெங்கும் மயிர் முளைக்கக் கண்டு அதனைத் தலைக்குப் பூசும் மருந்தாக்கினர். 1988இல் அமெரிக்கா அனுமதித்தது. பலன் தெரிய நான்கு மாதமாவது வேண்டும். விட்டால் வந்ததும் போகும். பினாஸ்ரறைட் குளிசை 1997இல் வந்தது. சிலருக்கு அது ஆண்மை வேட்கையைக் குறைப்பதால், கடையில் வாங்கி விழுங்கத் தக்கதன்று. கர்ப்பிணிகள் உடைந்த குளிசையைத் தொடவுங் கூடாது.

காசளவில் வட்டமாக விழும் புழுவெட்டிலே புழு எதுவுமில்லை. உடலைக் காக்க வேண்டிய அணுக்களே மயிர்க்காலைத் தாக்குகின்றன. பலருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் முளைக்கும். வைத்தியர் ஊசிமருந்தும் ஏற்றுவதுண்டு. பிள்ளைகளின் தலையில் செதிலோடு மயிர் முறிந்தாலோ அது பூஞ்சணம். பூச்சு மட்டும் போதாது, குளிசை வேண்டும். சீப்பையும் பிறருக்குக் கொடுக்கலாகாது.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இறுக்கிப் பின்னும் இரட்டைப் பின்னல் நெற்றியோரத்து மயிரை இழுத்தே கொல்லும். அதைவிட முக்கியம், ஓயாது மயிர் உதிர்வது இரத்தச் சோகைக்கோ தைரொயிட் சுரப்பியின் கோளாறுக்கோ அறிகுறியாகலாம். களைப்பும் மூச்சு வாங்குதலும் கூட இருந்தால், எண்ணெய்க் கடைக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சோதிப்பியுங்கள். "பெண்பிள்ளைக்கு இது என்ன பெரிய வருத்தம்" என்று தாய்மார் தடுக்க வேண்டாம்.

நாம் மாணவரேயன்றி வைத்தியரல்லோம். ஆயினும் கேள்வி இருந்தால் கேளுங்கள்; நண்பர் வாங்கிய தைலத்தின் பெயரை மாத்திரம் கேட்க வேண்டாம்.