சந்தா கட்டினால் மட்டும் போதாது



இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்களே, தொழில்முறைச் சங்கங்களைப் பற்றி மாணவர்களிடம் பேசினால் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "சார், மெம்பர் ஆனா எனக்கு என்ன கிடைக்கும்?" நியாயமான கேள்வி. அதற்குச் சங்கங்கள் சொல்லும் பதில்தான் என்னை வருத்துகிறது. அடையாள அட்டை, மாதப் பத்திரிகை, கருத்தரங்கில் கட்டணச் சலுகை, பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள நாலு எழுத்து. இவ்வளவுதான் என்றால் நீங்கள் சேராமல் இருப்பதே சரி. ஆனால் ஒரு சங்கத்தால் என்ன முடியும், அது எங்கே சறுக்கும் என்பதற்கு உங்கள் துறையிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

1905 மார்ச் 20, திங்கட்கிழமை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காலணித் தொழிலுக்குப் பேர்போன பிராக்டன் நகரம். குரோவர் காலணித் தொழிற்சாலை நான்கு மாடி மரக்கட்டடம். காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு, தொழிலாளர்கள் வந்து வேலையைத் தொடங்கிய நேரத்தில், பாய்லர் வெடித்தது. வெடித்த பாய்லர் மாடிகளைப் பிய்த்துக்கொண்டு மேலே பாய்ந்தது. கட்டடம் சரிந்தது, இடிபாட்டில் தீப்பிடித்தது. 58 பேர் மாண்டார்கள்.

காரணத்தைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் தகட்டை உருளையாக வளைத்து, ஒரு விளிம்பின் மேல் மறு விளிம்பை ஏற்றி ரிவெட் அடிப்பார்கள். லாப் ஜாயின்ட். விளிம்பு ஏறி உட்காரும் இடத்தில் உருளை முழு வட்டமாக இருக்காது. நீராவி அழுத்தம் ஏறும்போது தகடு வட்டமாகப் பார்க்கும். இறங்கும்போது பழைய வடிவத்துக்குத் திரும்பும். தினம் தினம் இப்படி வளைந்து நிமிர்ந்ததில், இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று மறைக்கும் இடத்தில் மயிரிழை விரிசல் விழும். சோதிக்க வருபவர் எத்தனை தட்டுத் தட்டிப் பார்த்தாலும் கண்ணில் படாது. இதற்கு மாற்றும் அப்போதே இருந்தது. விளிம்புகளை முட்டவைத்து, உள்ளும் புறமும் பட்டை வைத்து ரிவெட் அடிக்கும் பட் ஜாயின்ட். அறிந்தவர்கள் அறிந்தே இருந்தார்கள். ஆனால் எல்லாப் பட்டறைகளிலும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை.

மாசசூசெட்ஸ் மாநிலம் 1907இல் பாய்லர் சட்டம் கொண்டுவந்தது. அடுத்து ஓஹாயோ. மாநிலத்துக்கு ஒரு விதி என்று ஆனபோது பாய்லர் செய்பவர்கள் திணறினார்கள். அப்போதுதான் 1880இல் தொடங்கப்பட்டிருந்த அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம், நீங்கள் பாடத்தில் ஏ.எஸ்.எம்.இ. என்று படித்தது, களத்தில் இறங்கியது. 1911இல் அதன் தலைவராக இருந்த கர்னல் எட்வர்டு மையர், ஜான் ஸ்டீவன்ஸ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். மையர் தாமே பாய்லர் செய்யும் தொழிலில் இருந்தவர். தம் தொழிலுக்கே கட்டுப்பாடு எழுதும் குழுவை அமைத்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். செய்பவர், வாங்கிப் பயன்படுத்துபவர், காப்பீடு கொடுப்பவர், கற்பிப்பவர் என்று நலன்கள் மோதும் ஆட்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். வரைவை வெளியே அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். எதிர்ப்பு வந்தது, திருத்தினார்கள், மறுபடியும் கேட்டார்கள். முடிவில் வந்தது 114 பக்கப் புத்தகம்: 1914ஆம் ஆண்டுப் பதிப்பு, பாய்லர் விதித்தொகுப்பு. அந்தக் குழுவில் உட்கார்ந்து அதை எழுதியவர்கள் சங்கத்தின் சம்பளக்காரர்கள் அல்லர். தங்கள் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கிய உறுப்பினர்கள்.

புத்தகம் அச்சானதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஒரு சங்கம் எழுதிய விதிக்குத் தானாகச் சட்ட வலிமை வராது. மேலாண்மை படித்து இங்கே பட்டம் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சந்தைப்படுத்துதல் என்றதும் வண்ணக் கையேடும் ஃபேஸ்புக் பதிவும் நினைவுக்கு வருகின்றன. அன்று நடந்த சந்தைப்படுத்துதல் வேறு மாதிரி. ஒரே சீரான பாய்லர் சட்டத்துக்காகத் தனி அமைப்பு ஒன்று தொடங்கி, மாநிலம் மாநிலமாகப் போய்ச் சட்டம் இயற்றுபவர்களிடம் பேசினார்கள். 1919இல் ஓஹாயோவின் தலைமை பாய்லர் ஆய்வாளர் மையர்ஸ் என்பவர் பிற மாநில ஆய்வாளர்களைக் கூட்டித் தேசிய வாரியம் ஒன்றை உருவாக்கினார். ஒரு மாநிலத்தில் சோதித்து முத்திரை குத்திய பாய்லரை மற்ற மாநிலங்களும் ஏற்பதற்கு அது வழி செய்தது. ஒரு விதியை ஏற்பது தமக்கே லாபம் என்று உற்பத்தியாளர் உணரும்படி செய்தார்களே, அதுதான் உண்மையான விற்பனை.

அதன் விளைவு உங்கள் வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது. இந்தத் திருச்சியில் திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையிலும், அதை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளிலும் வெல்டர் தேர்வு என்றால் அந்த விதித்தொகுப்பின் ஒன்பதாம் பகுதியைத்தான் புரட்டுவார்கள். துண்டை வெல்டிங் செய்து, அறுத்து, வளைத்துப் பார்த்து, விரிசல் இல்லையென்றால்தான் அவர் கையில் வேலை. இந்தியாவுக்கென்று 1923ஆம் ஆண்டுச் சட்டமும் 1950ஆம் ஆண்டு விதிமுறைகளும் வந்தன. ஆனாலும் வெளிநாட்டுக்குப் பாய்லர் போக வேண்டுமென்றால் வாங்குபவர் பெரும்பாலும் அந்தச் சங்கத்தின் முத்திரையைத்தான் கேட்கிறார். ஒரு தன்னார்வக் குழு எழுதியதை உலகம் நம்புகிறது. அந்த நம்பிக்கை ஒருமுறை எப்படி உடைந்தது என்பதையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பாதியை மறைத்தவன் ஆவேன்.

பாய்லரில் தண்ணீர் அபாய அளவுக்குக் கீழே இறங்கினால் எரிபொருளைத் தானாக நிறுத்தும் கருவி ஒன்று உண்டு. லோ வாட்டர் கட்-ஆஃப். அமெரிக்காவில் அந்தச் சந்தையைப் பல்லாண்டுகள் கையில் வைத்திருந்தது மெக்டானல் அண்ட் மில்லர் நிறுவனம். ஹைட்ரோலெவல் என்ற சிறு நிறுவனம் புது மாதிரிக் கருவியோடு வந்தது. பாய்லருக்குள் தண்ணீர் அலைபாயும். ஒவ்வொரு அசைவுக்கும் அணைந்து எரிந்துகொண்டிருக்கக் கூடாது என்பதற்காகச் சற்றுத் தாமதித்துச் செயல்படும்படி அதை அமைத்திருந்தார்கள். 1971இல் அந்தப் பெரிய நிறுவனத்தின் முக்கிய வாடிக்கையாளர் ஒருவர் இந்தப் புதுக் கருவிக்கு மாறினார்.

பெரிய நிறுவனத்தின் துணைத் தலைவர் ஒருவர், ஏ.எஸ்.எம்.இ. சங்கத்தின் சம்பந்தப்பட்ட துணைக்குழுவில் உபதலைவர். அவரும் அவரது நிறுவனத்தாரும் துணைக்குழுத் தலைவரோடு உட்கார்ந்து ஒரு கேள்வியைத் தயாரித்தார்கள்: தாமதத்தோடு செயல்படும் கருவி விதிக்கு உட்பட்டதா? கேள்வி கடிதமாகச் சங்கத்துக்குப் போனது. அலுவலகம் அதை முறைப்படி துணைக்குழுத் தலைவரிடமே அனுப்பியது. கேள்வியைத் தயாரிக்க உதவியவரே பதிலையும் எழுதினார். சங்கத்தின் தாளில், சங்க அலுவலரின் கையொப்பத்தோடு பதில் போனது. தாமதக் கருவி பாதுகாப்பானது அல்ல என்று வாசிப்பவருக்குத் தோன்றும்படி அது எழுதப்பட்டிருந்தது. விற்பனையாளர்கள் அந்தக் கடிதத்தைக் காட்டியே போட்டியாளரின் கருவியை ஓரங்கட்டினார்கள். திருத்தம் கேட்டு ஹைட்ரோலெவல் முறையிட்டபோது, அதற்கான பதிலைத் தயாரித்ததிலும் அதே துணைத் தலைவருக்குக் கை இருந்தது. அதற்குள் அவர் துணைக்குழுவின் தலைவராகவே ஆகியிருந்தார்.

1974இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை வெளியே கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1982 மே மாதம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு: தன் பெயரைப் பயன்படுத்தி உறுப்பினர்கள் செய்ததற்குச் சங்கமே பொறுப்பு. லாப நோக்கமற்ற அமைப்பு, தன்னார்வலர்கள் செய்தது, எங்களுக்குத் தெரியாது என்ற எந்த வாதமும் செல்லவில்லை. தீர்ப்பு வந்தபோது அந்தச் சிறு நிறுவனம் தொழிலிலேயே இல்லை.

எனக்கு இதில் மனம் கனப்பது ஒரு விஷயத்துக்காக. தண்ணீர் குறைந்தால் உயிர் போகும் என்பதற்காகப் பிறந்த விதியை, ஒரு புதுமையை அழிக்கும் கருவியாக மாற்ற முடிந்தது. அதற்கு லஞ்சமோ போலிக் கையெழுத்தோ தேவைப்படவில்லை. லாபம் அடையும் தரப்பு துணைக்குழுவில் அசையாமல் உட்கார்ந்திருந்ததும், பதிலைப் படித்துப் பார்த்து "இது யார் எழுதியது?" என்று கேட்க வேறொருவர் இல்லாமல் போனதும் போதுமாக இருந்தன. பாய்லரைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்கள் லாப் ஜாயின்ட் விரிசலைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். இந்த விரிசலையும் அதே அக்கறையோடு சொல்லித்தர வேண்டும் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

நம் நாட்டுக்கு வருகிறேன். இந்தியப் பொறியாளர் கழகம் 1920இல் பதிவானது நம் சென்னையில். மறு ஆண்டு கல்கத்தாவில் தொடக்க விழா. 1935இல் அரச சாசனம். அதன் மிகப் பெரிய சாதனையாக நான் நினைப்பது ஏ.எம்.ஐ.இ. தேர்வு. கல்லூரிக்குப் போக வசதியில்லாதவர்கள், டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனவர்கள், ராணுவத்தில் இருந்தவர்கள், பகலில் ஷிஃப்ட் பார்த்து இரவில் படித்து, பட்டத்துக்கு இணையான தகுதி பெற்றார்கள். இந்த அரங்கில் இருக்கும் பெற்றோர்களில் சிலரும் அப்படிப் படித்தவர்களாக இருக்கலாம். 2013 மே 31க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த இணைத்தகுதி இல்லை என்று ஆனது. பல்லாயிரம் பேரைச் சங்கத்தின் வாசலுக்குக் கொண்டுவந்த காரணம் ஒரே ஆணையில் போய்விட்டது. அந்த இடத்தை நிரப்ப என்ன செய்வது என்பது இந்தியாவின் தொழில்முறைச் சங்கங்கள் அனைத்துக்குமான கேள்வி. செயலியும் வெபினாரும் அதற்குப் பதிலாகிவிடும் என்று நான் நம்பவில்லை. வேலை பார்த்துக்கொண்டே உயர நினைப்பவருக்கு வேறெங்கும் கிடைக்காத ஒன்றைத் தருவதுதான் அன்றைய புதுமை. இன்றும் அதுவேதான் தேவை.

யார் உள்ளே வரலாம் என்பதும் புதுமையில் அடக்கம். பாய்லர் விதி வந்த அதே 1914இல்தான் கேட் கிளீசன் என்ற பெண்ணை ஏ.எஸ்.எம்.இ. உறுப்பினராக ஏற்றது. கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்த அ. லலிதா, பக்ரா நங்கல் திட்டத்தின் மின்கடத்தல் பணியில் பங்கேற்றவர், 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், அறிவியலாளர்களின் முதல் உலக மாநாட்டுக்குப் போனார். இந்த முன் வரிசைகளில் இருக்கும் மாணவிகளிடம் சொல்கிறேன்: சங்கக் குழுக்களில் இன்னமும் உங்கள் நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சங்கங்கள் விதிப் புத்தகங்களை விற்றுத்தான் பெருமளவு வருமானம் பார்க்கின்றன. ஆனால் ஒரு விதி சட்டமாகிவிட்டால், அதைக் காசு கொடுத்தால்தான் படிக்கலாம் என்பது சரியல்ல என்பது என் கருத்து. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2023இல், சட்டத்தில் சேர்ந்துவிட்ட தரநிலைகளை லாப நோக்கின்றி இணையத்தில் வெளியிடலாம் என்று சொன்னது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் தன் தரநிலைகள் பலவற்றை இலவசமாகவே இறக்கிக்கொள்ளத் தருகிறது. ஒரு சிறு ஊரில் அரிசி ஆலை பாய்லரைப் பார்த்துக்கொள்பவரும் படிக்க முடிகிற விதிதான் உயிரைக் காக்கும். வருமானத்துக்கு வேறு வழியைச் சங்கங்கள் தேடட்டும்.

ஆகவே சேருங்கள், சேர்ந்த கையோடு ஒரு குழுவில் வேலை கேளுங்கள். கூட்டக் குறிப்புகளைப் படியுங்கள். ஒரு முடிவுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் எது என்று எழுந்து கேளுங்கள், கேட்பவர் அரங்கிலேயே இளையவராக இருந்தாலும். உங்கள் நிறுவனத்துக்கு லாபம் தரும் விஷயம் வாக்கெடுப்புக்கு வந்தால் அதைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். தர நிர்ணய அமைவனம் புதிய வரைவுகளைப் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடுகிறது; கருத்துச் சொல்லக் கட்டணம் இல்லை, அனுபவச் சான்றும் கேட்பதில்லை. உங்கள் துறைக்கான வரைவு ஒன்றை இந்த மாதமே எடுத்து, வரிவரியாகப் படித்து, தவறென்று படுவதைக் காரணத்தோடு எழுதி, கெடு முடிவதற்குள் உங்கள் பெயரிலேயே அனுப்புங்கள்.