விருந்தாளியாகச் செல்லுமிடம்

(பாங்காக் ஆலய யாத்திரைக்குப் புறப்படும் அன்பர்களிடையே கிளமெண்டியில் நிகழ்த்திய உரை)



பாங்காக் நகரில் சீலோம் சாலையிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மனைத் தரிசிக்க அடுத்த மாதம் நாம் புறப்படுகிறோம். விமானச்சீட்டு, தங்குமிடம், சைவ உணவு பற்றியெல்லாம் செயலாளர் சொல்லிவிட்டார். அந்நாட்டு மக்களிடம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். முப்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்னடத்தை போதித்தவன் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில், அங்கே போய்த் தவறு செய்துவிட்டு வந்தவன் என்பதே எனக்குள்ள தகுதி.

முன்பு ஒரு முறை பாங்காக் சென்றிருந்தபோது, நாங்கள் தங்கியிருந்த தெருவில் ஓர் அம்மாள் பழம் விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய சின்னஞ்சிறு மகள் எங்களைக் கண்டதும் இரு கை கூப்பி வணங்கினாள். என் மனம் நெகிழ்ந்துவிட்டது. "நல்லா இரும்மா" என்று அவள் தலைமேல் கை வைத்து வாழ்த்தினேன். தாயின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தையை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, பழத்தை எடுத்துக் கொடுத்து, என்னையும் வணங்கினார். தங்குமிடத்துக்குத் திரும்பிய பிறகுதான் விவரம் தெரிந்தவர் ஒருவர் சொன்னார்: தாய்லாந்து மக்களுக்குத் தலை என்பது உடலின் புனிதமான இடம், அயலார் தொடலாகாது. மறுநாள் காலையிலேயே நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

முற்றிலும் வேற்று நாடாக இருந்தால் நாம் எச்சரிக்கையாக இருப்போம். தாய்லாந்து நம்முடையது போலவே இருக்கிறது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். அவர்கள் சொல்லும் 'சவத்தீ' என்ற வணக்கச் சொல், வடமொழி 'ஸ்வஸ்தி'யிலிருந்து வந்தது. நம் பழங்கல்வெட்டுகளின் தொடக்கத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று இருக்கிறதே, அதே சொல். ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்கள் கொண்டாடும் புத்தாண்டு 'சொங்க்ரான்', அதாவது சங்கராந்தி. பெரியவர்களின் கைகளில் வாசனை நீர் வார்த்து ஆசி பெறுவார்கள். பாங்காக்கில் 1784இல் கட்டப்பட்ட தேவஸ்தானத்தில் ஆண்டுதோறும் நடக்கும் விழாவின் பெயரோ 'திரியம்பவாய் திரிபவாய்'. திருவெம்பாவை, திருப்பாவை என்பதன் திரிபு என்று அறிஞர் கூறுவர். அவ்விழாவில் ஆடிய பெரிய ஊஞ்சல் 1935இல் நிறுத்தப்பட்டாலும், அதன் சிவப்புக் கம்பங்களை இன்றும் காணலாம். பெயர் விஷயத்திலும் அவர்கள் நம்மைப் போலத்தான். 1913ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. இன்றும் 'குன்' என்ற மரியாதைச் சொல்லை இயற்பெயருக்கு முன் சேர்த்துத்தான் அழைக்கிறார்கள். இங்கே அலுவலகங்களில் தகப்பனார் பெயரால் அழைக்கப்பட்டு விழிக்கும் நமக்கு அது ஆறுதலாக இருக்கும்!

வேறுபாடுகளுக்கு வருகிறேன். கைகூப்புவதை அவர்கள் 'வாய்' என்பார்கள். இளையவரே முதலில் கூப்ப வேண்டும். கடைப் பணியாளர் வணங்கினால் புன்னகையுடன் தலையசைத்தாலே போதும். துறவியரை நாம் வணங்குவோம். அவர்கள் திருப்பி வணங்க மாட்டார்கள், அதைக் குறையாக எண்ண வேண்டாம். தாய்மார்கள் கவனிக்க: பெண்கள் துறவியரைத் தொடவோ, அவர் கையில் நேராக எதையும் கொடுக்கவோ கூடாது. அவர் விரிக்கும் துணியின்மேல் வைக்கலாம்.

தலை உயர்ந்தது என்றால் பாதம் தாழ்ந்தது. நம் கோயில் மண்டபத்தில் கால் வலிக்கிறது என்று தூணில் சாய்ந்து நீட்டிக்கொள்கிறோமே, அது அங்கே கூடாது. புத்தர் சிலையை நோக்கியோ மனிதரை நோக்கியோ பாதம் திரும்பலாகாது. இரண்டு கால்களையும் ஒரு பக்கமாக மடக்கிப் பாதங்களைப் பின்னால் வைத்து அமர்வார்கள். தோளும் முழங்காலும் மறையும் ஆடை வேண்டும்.

அரசரைப் பற்றி விளையாட்டாகவும் பேசாதீர்கள். அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி அரசரை இழிவுபடுத்தினால் 3 முதல் 15 ஆண்டுகள் வரை சிறை. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பொது இடங்களில் தேசிய கீதம் ஒலிக்கும். சுற்றியிருப்பவர்கள் நின்றால் நாமும் நிற்போம்.

நாம் தரிசிக்கப் போகும் ஆலயத்தை அவ்வூர் மக்கள் 'வாட் கேக்' என்கிறார்கள். இது தின்னும் கேக் அன்று. இந்தியர், மலாய்க்காரர் முதலியோரைக் குறிக்க அவர்கள் வழங்கும் சொல். அதன் நேர்ப்பொருள் விருந்தாளி. தமிழர் எழுப்பிய கோயில்தான். ஆனாலும் அங்கே மலர்த்தட்டு ஏந்தி வருவோரில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள். அவர்கள் மண்டியிட்டு வேண்டும்போது நம்மவர் சிலர் இடித்துக்கொண்டு முன்னே போனதை நானே கண்டு கூசியிருக்கிறேன். "நம்ம அம்மன்தானே" என்ற உரிமை போலும். சந்நிதியில் படம் எடுக்கவும் அனுமதி இல்லை.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிறன்று நாம் ஓர் ஒத்திகை பார்க்கலாம். லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலையில் சாக்கிய முனி புத்த கயா ஆலயம் இருக்கிறது. 1927இல் தாய்லாந்துத் துறவி ஒருவர் நிறுவியது. பெருமாள் கோயிலுக்கு அடிக்கடி போகிறோம். மிக அருகிலுள்ள இந்த ஆலயத்துக்குள் நம்மில் எத்தனை பேர் சென்றிருக்கிறோம்? காலை ஒன்பது மணிக்கு அங்கே கூடி, அந்தப் பெரிய புத்தர் முன் சற்று நேரம் கால் மடக்கி அமர்ந்து பழகுவோம். முழங்கால் வலி உள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். முதற்பெயர் என்னுடையது, நாம் ஓரமாக நின்றுகொள்வோம்.