பிள்ளையின் தேவை எவ்வாறு அளவிடப்படுகின்றது
(பெற்றோருக்கான தகவல் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



சமூக சேவையாளர் வருகின்றார் என்றதும், பிள்ளையைப் பறித்துச் செல்லவே வருகின்றார் என்ற அச்சம் பல தமிழ் வீடுகளில் எழுகின்றது. அதனால் கதவு மூடப்படுகின்றது. உதவி பெறவேண்டிய பிள்ளையும் அக்கதவின் பின்னாலேயே நின்றுவிடுகின்றது.

இங்கிலாந்தில் சிறுவர் சேவைகளுக்கு அடிப்படையாக உள்ளது 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம். சேவை கிடைக்காவிடின் உடல்நலமோ வளர்ச்சியோ நியாயமான நிலையை எட்டாது எனக் கருதப்படும் பிள்ளையையும், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையையும் அதன் 17ஆம் பிரிவு ‘தேவையுள்ள பிள்ளை’ என்கின்றது. பெற்றோர் குற்றமிழைத்தனர் என்பது இதன் பொருளன்று. பாரதூரமான தீங்கு நேர்கின்றதோ என்ற ஐயத்தின் பேரில் விசாரிப்பது 47ஆம் பிரிவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே அச்சத்தின் பெரும்பகுதிக்குக் காரணம்.

தேவை என்பதுதான் என்ன? 1972இல் ஜொனதன் பிராட்ஷோ என்ற சமூகக் கொள்கை ஆய்வாளர் அதனை நான்காக வகுத்தார்: துறைசார்ந்தோர் வரையறுக்கும் தேவை, ஒருவர் தாமே உணரும் தேவை, வாய்விட்டுக் கேட்கும் தேவை, ஒத்த நிலையிலுள்ள பிறருடன் ஒப்பிடும்போது புலப்படும் தேவை. இவற்றுள் எண்ணுவதற்கு எளிதானது கேட்கும் தேவையே. விண்ணப்பங்களை எண்ணினால் போதும். ஆனால் கேட்பதை மானக்கேடாகக் கருதும் சமூகம் அந்தக் கணக்கில் குறைவற்ற சமூகமாகத் தோன்றிவிடும்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தாய்க்குச் சிறுநீரக நோய். வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. தந்தைக்கு இரவு வேலை. பன்னிரண்டு வயது மகள் சோறு சமைக்கின்றாள், தம்பியைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்கின்றாள், மருத்துவமனைக் கடிதங்களைத் தாய்க்கு வாசித்து விளக்குகின்றாள். பரீட்சையில் நல்ல புள்ளிகள். “பொறுப்பான பிள்ளை” என்று உறவினர் மெச்சுகின்றனர். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய வகுப்புத் தோழியரின் மாலைப்பொழுதை அவளுடையதன் அருகே வைத்துப் பார்த்தால்தான் குறை தெரியும். இத்தகைய பிள்ளையைச் சட்டம் ‘இளம் பராமரிப்பாளர்’ என அழைக்கின்றது. அவளுக்கு உதவி தேவைப்படலாம் எனத் தோன்றினால், யாரும் கோராவிடினும் மதிப்பீடு செய்வது உள்ளூராட்சி மன்றத்தின் கடமை. 2014ஆம் ஆண்டின் சட்டம் இதனைச் சேர்த்தது.

மதிப்பீட்டில் மூன்று பக்கங்கள் நோக்கப்படும்: பிள்ளையின் வளர்ச்சி, பெற்றோரால் இயலுவது, குடும்பமும் சூழலும். வீட்டு வாடகை, வருமானம், உறவினர் துணை ஆகியன மூன்றாவதில் அடங்கும். மதிப்பீட்டை முடிக்க 45 வேலை நாள்களுக்கு மேல் செல்லலாகாது.

சில வேளைகளில் வினாக்கொத்தும் தரப்படும். றொபேட் குட்மன் 1997இல் வெளியிட்ட வினாக்கொத்து பரவலாகப் பயன்படுவது. அதில் 25 கூற்றுகள் உண்டு. இடர்ப்பாடுகளின் மொத்தம் 0 முதல் 40 வரை அமையும். மனவுணர்வு பற்றிய பகுதியில் தலைவலியும் வயிற்றுவலியும் கேட்கப்படுகின்றன. தமிழ் வீட்டில் இதற்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பதோடு காரியம் முடிந்துவிடும். பிள்ளையின் கவலை வயிற்றுவலியாக வரக்கூடும் என எண்ணுவோர் சிலரே. ஆயினும் இந்த எண் ஓர் அறிகுறி மாத்திரமே. மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ எனக் குறித்தால், அந்த எண்ணும் பொய் சொல்லும்.

ஆகவே, “என்ன உதவி வேண்டும்?” என்று சமூக சேவையாளர் வினவும்போது, “ஒரு பிரச்சினையும் இல்லை” என்று விடையளித்து அனுப்பிவிடாதீர்கள். உதவி கேட்க நாணமாயின், வீட்டின் ஒரு நாளைச் சொல்லுங்கள்: பிள்ளையை எழுப்புவது யார், உணவளிப்பது யார், இரவில் அது எத்தனை மணிக்கு உறங்குகின்றது. தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையை உரைபெயர்க்க வைக்கவேண்டாம். தன் தாயின் நோயைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. சமூக சேவையாளர் பிள்ளையுடன் தனியே பேச விரும்பினால் அதனைச் சந்தேகமாகக் கொள்ளவேண்டாம். பிள்ளையின் விருப்பத்தை அறிய முயலவேண்டும் என்று அதே 17ஆம் பிரிவு கூறுகின்றது.