ஊரின் அமைதியைக் காப்பது எது?
(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வகுப்புக் கலவரங்கள் சில நகரங்களில் மட்டும் மீண்டும் மீண்டும் மூள்வது ஏன்? இவ்வினாவை ஆராய்ந்து, அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே 2002-ஆம் ஆண்டு ஒரு நூலை வெளியிட்டார். 1950 முதல் 1995 வரை நிகழ்ந்த இந்து - முஸ்லிம் கலவரங்களை அவர் கணக்கிட்டார். உயிரிழப்புகளில் கிராமங்களின் பங்கு 4 விழுக்காட்டிற்கும் குறைவு. எட்டு நகரங்களின் பங்கோ ஏறத்தாழ 46 விழுக்காடு!

அலிகாரையும் கோழிக்கோட்டையும் அவர் ஒப்பிட்டார். இரண்டிலும் முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல். ஆயினும் அலிகாரில் கலவரங்கள் தொடர்ந்தன. கோழிக்கோட்டில் அமைதி நிலைத்தது. பதற்றமும் வதந்தியும் அங்கும் எழாமல் இல்லை. ஆனால் வணிகர் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், படிப்பகங்கள் ஆகியவற்றில் இரு சமயத்தாரும் ஒன்றாக உறுப்பினராய் இருந்தனர். வதந்தி பரவியதும் அவர்களே கூடி அதனை அடக்கினர்.

அண்டை வீட்டு நட்பு சிற்றூருக்குப் போதும். ஒருவரையொருவர் அறியாத நகரத்திற்குப் பொது அமைப்புகள் தேவை என்பதே அவ்வாய்வின் முடிவு.

ஆண்டு வரவு செலவைச் சரிபார்க்கும் இந்நாளில் இக்கணக்கையும் பார்ப்போம். நம் ஊர் வணிகர் சங்கத்திலும், நூலகக் குழுவிலும், பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் நம்மவர் எத்தனை பேர்? பதற்றம் எழுந்தபின் அந்த உறவுகளைத் தேடிப் பயனில்லை. அமைதி நிலவும்போதே அவ்விடங்களில் பங்கேற்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.